ஓய்வும் மருந்துதான், அதை ஆர் எழுதித் தாறது?



"பிள்ளை, அவர் என்ன சொல்லுறார்?"

2023 செப்டெம்பரில், லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் சின்ன அறைக்குள் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டது இது. டொக்டர் பத்து நிமிசமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். கேட்டு வைத்த மொழிபெயர்ப்பாளர் அண்டைக்கு வரேல்லை. எனக்கு இங்கிலீஷ் முழுக்க விளங்கினது, தமிழ்தான் வரேல்லை. பான்கிரியாஸ் எண்டதுக்குத் தமிழில் என்ன? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக் கிண்ணம் வாங்கின எனக்கு அது தெரியாது. அம்மாதான் தன்ட ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தை நினைவுபடுத்தி மெல்லமாச் சொன்னா: "சதையி." தமிழ்நாட்டு ஆக்கள் கணையம் எண்டு சொல்லுவினம்.

சதையியில் புற்றுநோய். அப்பாவுக்கு அப்ப 58 வயது. கிழமை நாளில் ஒரு மொத்த விற்பனைக் களஞ்சியத்தில் வேலை, சனி ஞாயிறு இரவில் பெற்றோல் ஸ்ரேசன். கண் மஞ்சளாகி, செங்கண்மாரியாக்கும் எண்டு போன இடத்தில் கட்டி தெரிந்தது. அதுவும் ஒரு அதிர்ஷ்டம்தான். சதையியின் தலைப்பகுதியில் வருகிற கட்டி பித்தக்கானை அடைப்பதால் வெளியில் காட்டிக்கொடுத்துவிடும். உடல், வால் பகுதிகளில் வருவது பலநேரம் சத்தமில்லாமல் பரவிவிடும். பிரித்தானியாவில் இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் சத்திரசிகிச்சை செய்யக்கூடியதாக இருக்கிறது. அப்பா அந்த ஒருவர்.

வீட்டுக் கதையை ஏன் இந்த மடலில் எழுதுகிறேன் எண்டு நினைப்பீர்கள். எனக்குச் சொல்ல ஒரே ஒரு விசயம்தான் இருக்கு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு காலம், எப்படி வாழ்கிறார் என்பதில் கத்திக்கும் மருந்துக்கும் பக்கத்தில் நிற்கிறது ஓய்வு. அந்த ஓய்வு இந்த நாட்டில் வர்க்கத்தின்படி பங்கிடப்படுகிறது. நாங்கள் அதை எங்கட அரசியலாக எடுக்கவே இல்லை. நானும்தான்.

கத்திக்குப் பிறகு

அப்பாவுக்குச் செய்தது விப்பிள் சத்திரசிகிச்சை. 1935இல் இதை விவரித்து எழுதிய அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிளின் பெயர். சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையின் ஒரு துண்டு, இவ்வளவையும் எடுத்துவிட்டு, மிச்சச் சதையி, பித்தக்கான், இரைப்பை மூன்றையும் குடலோடு திரும்பப் பொருத்துவார்கள். அப்பா ஏழு மணித்தியாலம் உள்ளே இருந்தவர்.

இதை எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கு. 2002இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, சதையிச் சத்திரசிகிச்சையை மிக அரிதாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் 16.3 வீதமான நோயாளர்கள் அதை ஒட்டியே இறந்தார்கள் என்றும், அதிகம் செய்யும் இடங்களில் அது 3.8 வீதம் என்றும் காட்டியது. அதனால்தான் இங்கே இந்த வேலையைச் சில சிறப்பு நிலையங்களுக்குள் ஒன்றுசேர்த்தார்கள். எங்களுக்கு ரெண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும் எடுக்கிற தூரம். ஆனால் இந்த விசயத்தில் நான் முறைப்பாடு சொல்ல மாட்டன். ஒரு பொதுச் சேவை திட்டமிட்டால் சாவைக் குறைக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி: "எவ்வளவு காலம்?"

டொக்டர் ஒரு இலக்கம் சொன்னார். அது "மீடியன்" எண்டார். அம்மாவின் பாடப்புத்தகத்தில் அது இடையம். நூறு பேரை வாழ்ந்த காலப்படி வரிசையாக விட்டால் நடுவில் நிற்கிறவரின் காலம். பாதிப்பேர் அதற்கு முந்தி, பாதிப்பேர் அதற்குப் பிந்தி. அந்தப் பிந்தின பாதியில் சிலர் கனதூரம் போவார்கள். பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், எங்கட பக்கத்து ஆள்தான், 1982இல் தனக்கு வந்த வயிற்றறைப் புற்றுநோய்க்கு இடையம் எட்டு மாதம் என்று வாசித்தவர். பிறகு இருபது வருசம் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால்தான் இறந்தவர். எல்லாரும் அவர்போல வாழ்வார்கள் என்று நான் சொல்லவில்லை. இடையம் என்பது ஒரு ஆளுக்கு எழுதின தீர்ப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இலக்கங்களை ஒளிக்காமல் போடுகிறேன். சதையிப் புற்றுநோய் வந்தவர்கள் எல்லாரையும் எடுத்தால், இங்கே பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் ஐந்து வருசத்தைத் தாண்டுகிறார்கள். சத்திரசிகிச்சை செய்து, பிறகு கீமோவும் எடுத்தவர்களின் படம் வேறு. 2017இல் வெளிவந்த எஸ்பாக்-4 ஆய்வில், ஜெம்சைட்டபீன் மட்டும் எடுத்தவர்களில் ஐந்து வருசம் உயிரோடு இருப்பார்கள் என்று கணித்தது 16.3 வீதம். அதோடு கெபசைட்டபீன் குளிசையும் எடுத்தவர்களில் 28.8 வீதம். அப்பாவுக்குத் தந்தது இந்த ரெண்டும் சேர்ந்த மருந்து. உடல்நிலை நல்லாய் இருக்கிறவர்களுக்கு இன்னும் கடுமையான ஒரு கலவை இருக்கு. 2018இல் வந்த பிரான்ஸ், கனடா ஆய்வில் அதை எடுத்தவர்களின் இடையம் 54.4 மாதம், ஜெம்சைட்டபீன் மட்டும் எடுத்தவர்களுக்கு 35 மாதம். ஒரு தலைமுறைக்கு முந்தி இப்படி ஒரு இலக்கத்தை ஆரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆறு சுற்று

இப்ப நான் சொல்ல வந்த இடம்.

எஸ்பாக்-3 என்ற முந்தின ஆய்வின் தரவை வைத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. கேள்வி எளிமையானது: சத்திரசிகிச்சைக்குப் பிறகு கீமோவை அவசரமாகத் தொடங்கினால் நல்லதா? பதில்: அவசரம் முக்கியமில்லை, பன்னிரண்டு கிழமை வரைக்கும் பொறுக்கலாம். ஆறு சுற்றையும் முடிப்பதுதான் முக்கியம். முடித்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆள் தேறட்டும், சாப்பிடட்டும், காயம் ஆறட்டும், பிறகு தொடங்கி முழுதாக முடியுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

உண்மைதான், பலமாக இருந்தவர்கள்தான் முடித்திருப்பார்கள், அதனாலும் அவர்கள் கூட வாழ்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு உடம்பில் இருந்து. இன்னொரு பங்கு வீட்டில் படுத்திருக்க ஏலுமா, நல்ல சாப்பாடு சாப்பிட ஏலுமா என்பதில் இருந்து.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கோ. சத்திரசிகிச்சையில் இருந்து கீமோ தொடங்க 12 கிழமை வரைக்கும். ஒரு சுற்று 4 கிழமை, ஆறு சுற்றுக்கு 24 கிழமை. மொத்தம் 36 கிழமை. பிரித்தானியாவின் சட்டபூர்வ சுகயீனக் கொடுப்பனவு எவ்வளவு காலத்துக்கு? 28 கிழமை.

நல்ல சிகிச்சைக்கு 36. சட்டம் தாறது 28. அந்த எட்டுக் கிழமைக்குள்தான் எங்கட வீடு விழுந்தது.

அந்த 28 கிழமையும் சும்மா இல்லை. 2023இல் அந்தக் கொடுப்பனவு கிழமைக்கு 109 பவுண் 40 பென்ஸ். அதே வருசம் ஆகக்குறைந்த சம்பளத்தில் 40 மணித்தியாலம் வேலைசெய்தால் 416 பவுண் 80 பென்ஸ். அதாவது நீங்கள் வருத்தமாகிற அண்டைக்கு வருமானம் காற்பங்காகிறது. அப்பா செங்கண்மாரியோடு வேலையை விட்ட நாளில் இருந்தே 28 எண்ணத் தொடங்கிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முந்தியே மூன்று கிழமை போய்விட்டது. கீமோ டிசம்பரில் தொடங்கினது. மார்ச் நடுவில், நாலாவது சுற்று நடந்துகொண்டிருக்கேக்கை, காசு நிண்டது. யூனிவர்சல் கிரெடிற்றுக்குப் படிவம் போட்டோம். முதல் காசு வர ஐந்து கிழமை. வீட்டு மோர்கேஜ் ஐந்து கிழமை பொறுக்காது.

அப்பா ஆருக்கும் சொல்லாமல் பெற்றோல் ஸ்ரேசனுக்குத் திரும்பப் போனவர். "கதிரையில இருக்கிற வேலைதானே" எண்டு அம்மாவிட்ட மட்டும் சொன்னவர். அந்தச் சனிக்கிழமைகளில் நான் எங்க? உங்களோடதான், காஸா ஊர்வலத்தில், எங்கட பதாகைக்குக் கீழ. ஊர்வலத்துக்குப் போனதுக்கு நான் வருத்தப்படேல்லை, திரும்பவும் போவன். ஆனால் தொழிலாளர் உரிமை எண்டு தொண்டை வறளக் கத்திப்போட்டு வீட்டுக்கு வந்து படுக்கேக்கை, வயிற்றில் நீளத் தழும்போட ஒரு மனுசன் இரவு பத்து மணிக்குச் சிகரெட் பெட்டி அடுக்கிக்கொண்டு நிண்டவர். அது என்ட அப்பா.

ஐந்தாவது சுற்றின் நடுவில் கடும் காய்ச்சல். வெள்ளணுக்கள் விழுந்து, ஒன்பது நாள் வாட்டில். ஆறாவது சுற்று நடக்கேல்லை. வேலைக்குப் போனதால்தான் காய்ச்சல் வந்தது எண்டு என்னால் நிரூபிக்க ஏலாது. கீமோ எடுக்கிற ஆருக்கும் அது வரலாம். ஆனால் அந்த ஆறாவது சுற்றை நான் இண்டைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறன்.

ஒஸ்லோவில் இருக்கிற சித்தப்பா துப்புரவு வேலை செய்கிறவர். போனில் கேட்டார்: "ஏன் அண்ணா வேலைக்குப் போறார்? எங்களுக்கெண்டால் ஒரு வருசம் சம்பளம் வரும்." அவர் சொன்னது சரி. நோர்வேயில் ஒரு உச்சவரம்புக்குள் 52 கிழமை வரைக்கும் சம்பளத்தை முழுதாகக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் முதல் ஆறு கிழமை முழுச் சம்பளம், பிறகு காப்புறுதியில் இருந்து மொத்தச் சம்பளத்தின் 70 வீதம் அளவில், ஒரே நோய்க்கு 78 கிழமை வரை. கனடாவில் 2022 டிசம்பரில்தான் 15 கிழமையை 26 ஆக்கினார்கள், அதுவும் சம்பளத்தின் 55 வீதம். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிக்கு, ஒரே நோய் வந்தாலும், எந்த நாட்டுப் பிளேன் ஏறினார்கள் என்பதைப் பொறுத்து ஆறாவது சுற்று கிடைக்கும், அல்லது கிடைக்காது. இதை விதி எண்டு சொல்ல என்ட வாய் வராது.

பன்றிக் குளிசையும் பால் தேத்தண்ணியும்

ஓய்வுக்கு அடுத்தது சாப்பாடு. இதில் அரசியல் குறைவு, ஆனால் உங்கட வீட்டில் ஆருக்கும் உதவலாம் எண்டு எழுதுறன்.

சதையிதான் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்க வைக்கிற நொதியங்களைச் சுரப்பது. அது குறைந்தால் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. எண்ணெய் மாதிரி மிதக்கிற மலம், வயிற்று ஊதல், நிறை இறக்கம் எல்லாம் அதன் அறிகுறி. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நொதியக் குளிசை கொடுப்பதை யோசிக்கவேண்டும் என்று இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டல் 2018இலேயே சொல்கிறது. ஆனாலும் பிரித்தானியா முழுக்க 1,350 சதையிப் புற்றுநோயாளர்களைப் பார்த்த ஒரு ஆய்வில், பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்குத்தான் அது எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. 2024இல் தட்டுப்பாடு வேற. நாங்கள் நாலு பார்மசி ஏறி இறங்கினோம்.

அப்பாவுக்குக் குளிசை எழுதித் தந்தார்கள். ஆனால் அவர் அதைக் காஸ்ரிக் குளிசை மாதிரி நினைத்து, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வெறுவயிற்றில் போட்டவர். ரெண்டு மாதத்தில் பதினொரு கிலோ இறங்கினது. "கான்சர் எண்டால் மெலியும்தானே" எண்டு நாங்களும் இருந்திட்டோம். ஒரு உணவியலாளர், தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் வைத்துக்கொண்டு, இருபது நிமிசத்தில் அதைத் திருத்தினார். முதல் வாய்ச் சோற்றோடு போடவேண்டும். நிறையச் சாப்பிட்டால் பாதியை நடுவில் போடவேண்டும். கொதிக்கிற தேத்தண்ணியோடு போட்டால் நொதியம் பழுதாகும். வெறும் தேத்தண்ணிக்குத் தேவையில்லை, பால் தேத்தண்ணி பிஸ்கற்றுக்குத் தேவை. தொடக்க அளவு பெரும்பாலும் சாப்பாட்டுக்கு 50,000 அலகு, சிற்றுண்டிக்கு 25,000. போதாவிட்டால் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீரிழிவும் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று. இந்தக் குளிசையைப் பன்றியின் சதையியில் இருந்து எடுக்கிறார்கள். இங்கே அதற்கு மாற்று இல்லை. எங்கட வீட்டில் அம்மா சுத்தச் சைவம். பெட்டியில் வாசித்துப்போட்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தா. பிறகு அவவே அதைச் சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தா. சைவமோ இஸ்லாமோ, முன்கூட்டியே சொல்லி, மனசைத் தயார்ப்படுத்த நேரம் கொடுத்தால் ஆக்கள் தாங்களே முடிவெடுப்பினம். சொல்லாமல் விட்டால் ஒரு நாள் பெட்டியை வாசித்துப்போட்டுச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவினம்.

"போராடி வெல்லு" எண்டு சொல்லாதேங்கோ

எங்கட ஆக்கள் புற்றுநோயை ஒளிப்பார்கள். கலியாணப் பேச்சுக்குக் கூடாது, கண்ணூறு, அவருக்குச் சொன்னால் மனம் உடைஞ்சுபோகும் எண்டு ஆயிரம் காரணம். அந்த அறையில் "எவ்வளவு காலம்" எண்ட கேள்விக்கு டொக்டர் சொன்ன இலக்கத்தை நான் மொழிபெயர்க்கேல்லை. "பார்ப்பம் எண்டு சொல்லுறார் அப்பா" எண்டு சொன்னன். இருபத்துமூன்று வயதில், ஒரு மனுசனிட்ட இருந்து அவர்ட வாழ்க்கையைப் பற்றின தகவலை நான் களவெடுத்தன். பிறகு சொன்னன். அவருக்கு ஏற்கனவே தெரியும். மொழிபெயர்ப்பாளர் எங்கட உரிமை, அதுக்குக் காசு இல்லை. பிள்ளைகளை அந்தக் கதிரையில் இருத்தக்கூடாது.

மற்றப் பக்கம் எங்கட இயக்கக்காரர். "போராடுங்கோ அண்ணை, நீங்கள் போராளி" எண்டு வந்து தோளில் தட்டுவார்கள். போரில் இருந்து வந்த சமூகத்துக்கு அந்தச் சொல் லேசாக வரும். ஆனால் போராடி வெல்லலாம் என்றால், நோய் திரும்பினவர் ஒழுங்காகப் போராடாதவரா? சத்திரசிகிச்சை செய்த பலருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வருசத்துக்குள், இது திரும்பி வருகிறது. அதில் அவர்களின் வீரத்துக்கு ஒரு பங்கும் இல்லை. அப்பாவுக்கு அண்டைக்குத் தேவைப்பட்டது எட்டுக் கிழமைச் சம்பளம்.

என்ன செய்வம்?

2025இல் நிறைவேறின வேலையுரிமைச் சட்டம் முதல் மூன்று நாள் காத்திருப்பையும் குறைந்தபட்ச வருமான எல்லையையும் எடுக்கிறது. நல்லது, தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்கினது. ஆனால் 28 கிழமை அப்படியே இருக்கு, காசும் காணாது. எங்கட கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: வாழக்கூடிய அளவில் சுகயீனச் சம்பளம், சிகிச்சை முடியும்வரை. அதைத் தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கோ. விசாவில் வந்த பராமரிப்பு வேலையாட்களையும் மாணவர்களையும் அதற்குள் சேருங்கோ. மாணவர்கள் சுகாதாரக் கட்டணம் கட்டுகிறார்கள், ஆனாலும் இவர்களில் பெரும்பாலானோருக்கு அரச உதவித்தொகையில் கை வைக்க ஏலாது. புகலிடம் மறுக்கப்பட்டு, ஆதரவும் இல்லாமல் இருக்கிறவருக்கு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிச் செலவின் 150 வீதத்துக்குப் பில் வரலாம். ஓய்வைப் பற்றிக் கதைக்க முந்தி அவர்களுக்குக் கட்டிலே இல்லை.

சட்டம் மாறும்வரைக்கும் எங்கட கையில் இருக்கிறது இது. இங்கிலாந்தில் புற்றுநோயாளருக்கு மருந்துச்சீட்டுக் கட்டணம் இல்லை, குடும்ப டொக்டரிட்ட படிவம் கேளுங்கோ. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் எண்டு கண்டுபிடித்த நாளில் இருந்தே அது மாற்றுத்திறன் எண்டு கணக்கு. வேலைநேரத்தை மாற்ற, இலகுவான வேலை கேட்க, முதலாளியிட்ட அதைக் காட்டலாம். இது எங்கட அப்பா அம்மாவையளுக்குத் தெரியாது. எங்களுக்கு வாசிக்கத் தெரியும்.

அடுத்தது ஆள் துணை. முதல் ரெண்டு கிழமை எங்கட வீட்டில் இடியப்பப் பெட்டி அடுக்க இடமில்லை. மார்ச் மாதம் ஆரும் வரேல்லை. எங்கட சனத்துக்குச் செத்தவீட்டுக்குப் போகத் தெரியும், ஏழாம் மாசம் வரத் தெரியாது. எங்கட கூட்டமைப்பில் முப்பது பேர் இருக்கிறம். ஒருத்தருக்கு 36 கிழமை எண்டு ஒரு அட்டவணை போட்டால், ஆளுக்கு ஒரு கிழமைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். கீமோவுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருவர், படிவம் நிரப்ப ஒருவர், பிந்தின கிழமைகளுக்கு ஒரு சின்ன நிதி. ஊரில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காசு சேர்க்கத் தெரிந்த எங்களுக்கு இது ஏலாத வேலை இல்லை. இது அரசாங்கம் தரவேண்டியதுக்கு ஈடாகாது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற காலத்தில் ஒருவரை இரவு வேலையில் இருந்து மறிக்கும்.

அப்பாவுக்கு இப்ப ரெண்டு வருசமும் நாலு மாதமும். ஒன்பது கிலோ திரும்ப ஏறியிருக்கு. களஞ்சியத்தில் கிழமைக்கு மூன்று நாள், தூக்கிற வேலை இல்லை. அதுக்குக் கடிதம் எழுதினது நான். குளிசையை முதல் வாயோட போடுறார், பால் தேத்தண்ணிக்கு ஒண்டு எண்ணி வைக்கிறார். அடுத்த கிழமை ஸ்கான். இந்த முறை மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று தரம் போன் எடுத்து உறுதிப்படுத்தியாச்சு. நான் போறது பக்கத்தில் இருக்கிறதுக்கு மட்டும்.

அட்டவணைக்குப் பெயர் தர விரும்பிறவை இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கோ. உங்கட வீட்டில் ஆருக்கும் இப்ப இது நடந்துகொண்டிருந்தால், பெயர் போடாமலும் எழுதலாம். முதல் மாதத்தில் எழுதினாலும் சரி, ஏழாம் மாதத்தில் எழுதினாலும் சரி.